ரயிலுக்கு வழிவிடும் ஆட்டம்

இலங்கைக்குச் சுற்றுலா கிளம்பும் பண்ருட்டி, நெய்வேலிக் குடும்பங்களின் திட்டத்தில் கடற்கரை இருக்கும், கோயில் இருக்கும், கோல்ஃப் இருக்காது. பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். அதில் நியாயமும் உண்டு. நம் முந்திரித் தோப்புகளைப் போலப் பரந்த நிலம், அத்தனையும் புல், அதற்குத் தண்ணீர் வேறு!

ஆனால் கொழும்பில் ஒரு வேடிக்கை. 1879-ல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்குள்ளேயே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மட்டையைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டியதுதான். படியில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கே முன்னுரிமை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

இந்த ஆட்டத்தில் இன்னொன்றும் பிடிக்கும். சாதாரணமாக நடுவர் கூட வருவதில்லை; புதரில் விழுந்த பந்தைக் காலால் நகர்த்தினால் கேட்க ஆளில்லை. 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸின் பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி, ஓர் அடியைத் தண்டனையாகத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதனால் போட்டி சமனில் முடிந்தது. மறு ஆட்டத்தில் கோப்பை வில்லி மக்ஃபார்லேனுக்குப் போனது, அதுவும் ஒரே ஓர் அடியில்.

கொழும்புக்குப் போனால் விளையாடத்தான் வேண்டும் என்றில்லை. கோட்டை நிலையத்தில் களனிவெளி ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்காருங்கள்.