கல்லில் இருந்த இலை

பந்தல்குடி சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து என் மாமா ஒருமுறை ஒரு சில்லு கொண்டுவந்தார். அதன் ஒரு முகத்தில் கறுப்பாக, கிளை பிரிந்து நரம்போடிய ஒரு இலை. பல வருஷம் அதை இலையென்றே நம்பினேன். பிறகு ஒரு வாத்தியார் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: விரிசலில் கசிந்த நீர் விட்டுப்போன மாங்கனீஸ், அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை, அவற்றில் இலை எப்படித் தங்கும்? அவர் சொன்னது சரி. சில்லை நான் எறியவில்லை.

நம் பாறைகள் அப்படி வெந்தது ஏறத்தாழ 55 கோடி வருஷங்களுக்கு முன். அந்தக் காலத்தை ஒட்டித்தான் வேறு கடல்களின் அடித்தரையில் இலை உருவங்கள் நின்றிருந்தன. வாயில்லை, குடல் இல்லை. 1956இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் டினா நீகஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் அப்படியொன்றின் பதிவைப் பாறையில் கண்டாள். ஆசிரியையிடம் சொன்னாள். அவ்வளவு பழைய பாறையில் உயிர்ப்பதிவு கிடையாது என்று பதில் வந்தது. அடுத்த வருஷம் ரோஜர் மேஸன் என்ற மாணவன் அதையே கண்டான். அவனுக்கு நம்புகிறவர்கள் வாய்த்தார்கள். 1958இல் சார்னியா மேஸனி என்று பெயராயிற்று.

பெயர் வந்ததே தவிர இடம் கிடைக்கவில்லை. பெயரிட்ட ட்ரெவர் ஃபோர்டு அதைப் பாசி என்றார். கிளெஸ்னர் பவளத்தின் உறவான கடற்பேனா என்றார். எண்பதுகளில் ஸைலாக்கர், இவை மிருகமுமில்லை தாவரமுமில்லை, வாரிசின்றி அழிந்த தனிக்குலம் என்றார். கடற்பேனா வளரும் விதமும் சார்னியா வளர்ந்த விதமும் வேறு என்று 2007இல் காட்டினார்கள். இவற்றின் காலத்து டிக்கின்ஸோனியாவை, நம் வீட்டுக் குழம்பில் போடும் கல்பாசி போன்ற ஜீவன் என்று பல வருஷம் வாதாடியவர் ரெட்டாலக். 2018இல் அதன் பதிவொன்றில் கொலஸ்ட்ரால் எச்சம் கிடைத்ததும், மிருகம்தான் என்று பலரும் ஒப்பினார்கள்.

அதே ரெட்டாலக் குழுவினர் பீம்பேட்கா ஓவியக் குகையில் டிக்கின்ஸோனியாவைக் கண்டதாக 2021இல் எழுதினார்கள். அந்தப் பாறையின் வயது 100 கோடி வருஷமா, 55 கோடியா என்ற பழைய வழக்கு ஒரு வடுவால் தீர்ந்துவிட்டதாகப்பட்டது. மீர்ட் முதலானோர் நேரில் போய்ப் பார்த்தார்கள். அது பாறையை விட்டு உரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே புதுத் தேன்கூடுகள். 2023இல் எழுதினார்கள்: மலைத்தேனீ கட்டிவிட்டுப் போன கூட்டின் மிச்சம். எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிற எவரும் சொல்லியிருப்பார் என்று கேலி செய்யலாம். சுலபமான கேலி. ரெட்டாலக் தவறை ஒப்புக்கொண்டார். நம் இலக்கிய உலகில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

தேன்மெழுகைப் புதைபடிவமாகக் கண்டவர் பிழை செய்தார். அதைப் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள முடிந்தது. ஆசிரியையின் பிழை வேறு ஜாதி. அவள் பொய் சொல்லவில்லை, அன்றைய புத்தகத்தைச் சொன்னாள். ஆனால் போய்ப் பார்க்கவில்லை. இனம் தெரிந்துவிட்டால் பார்க்கிற சிரமம் மிச்சம். திருச்சுழி பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் ஊரைக் கேட்பார், தெருவைக் கேட்பார், அப்பா பேரைக் கேட்பார். மூன்றாவது பதிலோடு முகம் நிம்மதியடையும். அதற்குப்பின் அவர் பேசுவது என்னோடு இல்லை. எதையும் வகைப்படுத்தாமல் வாழ முடியாது என்பது எனக்கும் தெரியும். ஸைலாக்கரிடம் எனக்குப் பிடித்தது அவர் முடிவு இல்லை. அதைப் பலர் இன்று ஏற்பதில்லை. இருக்கிற பெட்டிகளில் இது அடங்கவில்லை என்று சொல்லத் துணிந்தாரே, அது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு இளைஞர் கவிதைகள் அனுப்பியிருந்தார். உரைநடையுமில்லை, கவிதையுமில்லை என்று எனக்குப் பட்டது. இன்னாருடைய நகல் என்று ஒரு வரி எழுதித் திருப்பினேன். அவர் பிறகு எழுதியதாகத் தெரியவில்லை. இப்போது யோசிக்கையில் அந்த இன்னாரின் சாயல் அவற்றில் எங்கே இருந்தது என்று சொல்ல முடியவில்லை. பிரதி எதுவும் என்னிடம் இல்லை. மாமா கொண்டுவந்த சில்லு மேஜைமேல் இருக்கிறது.