படைக்கலம் ஏந்திய கையும் பூக்குடலை ஏந்திய கையும்

திருச்சிற்றம்பலம்



புரட்டாசித் திங்கள் உத்திராடம் ஏனாதிநாத நாயனாரின் குருபூசைத் திருநாள். அந்நாளுக்கு அணித்தே எம் பாட்டனார் சிவனடி சேர்ந்த நாளும் வருதலின், இருவரையும் ஒருங்கே நினைதல் எமக்கு வழக்கமாயிற்று. அடியாரோடு ஒரு சிற்றூர்க் கிழவரை ஒப்பிடப் புகுந்தோம் என்று அன்பர்கள் கொள்ளற்க. நாயனார் சரிதமாகிய உரைகல்லில் எம் இல்லத்துப் பொன் எத்தன்மைத்து என உரைத்துக் காண்பதே ஈண்டு யாம் செய்வது.

எம் பாட்டனார் பொருநைக் கரைச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். சிறிது நன்செய்யும் அதனினும் பெரிய கடனும் அவருக்குத் தந்தைவழி வந்தன. 1942-ஆம் ஆண்டில், தம் இருபதாவது வயதில், கடன் தீர்க்கும் வழி வேறு காணாராய்ப் பட்டாளத்திற் சேர்ந்தார். இரண்டாம் உலகப் பெரும்போரில் இந்தியப் படையில் விரும்பிச் சேர்ந்தார் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என்பர். அவருட் பலரை அழைத்தது வீரமன்று, வறுமையே என்பதை எம் பாட்டனார் மறைத்துப் பேசியதில்லை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டதும், 1780-ஆம் ஆண்டில் தோன்றியதுமாகிய மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் அவர் அமர்ந்தார். வழி அமைத்தலும், பாலம் கட்டுதலும், புதைத்த கண்ணிவெடியை அகழ்ந்தெடுத்தலும் அப்படையினர் தொழில். வேண்டுங்கால் துப்பாக்கி ஏந்திப் பொருதலும் அவர்க்குரியதே.

1944-ஆம் ஆண்டில் கோகிமாவிலும் இம்பாலிலும் சப்பானியப் படை தடுக்கப்பட்டுப் பின்வாங்கியது. கோகிமாவில், எரியூட்டப்பெற்ற இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் உளது. அவ்வாண்டு டிசம்பரில் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றின்மீது கலேவாவில் 1,100 அடிக்கு மேற்பட்ட மிதவைப் பாலம் அமைந்தது. 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றைப் படைகள் கடந்தன. இவ்வழியே சென்று மீண்டவர் எம் பாட்டனார். 1946-இல் ஊர் திரும்பிக் கடனைத் தீர்த்து, சமய தீக்கை பெற்று, 1998-இல் உடல் நீங்குமளவும் எங்களூர்ச் சிவன்கோயிலிற் சரியைத் தொண்டு செய்தார். விடியலில் அரளியும் நந்தியாவட்டையும் பறித்தல், ஆற்றிலிருந்து திருமஞ்சனக் குடம் சுமத்தல், பிராகாரம் அலகிடுதல், அந்தியில் விளக்கிடுதல் ஆகிய இவையே அவர் வாழ்வு.

ஆயினும் அத்தொண்டினை அவர் எளிதில் தொடங்கினாரல்லர். போரினின்று மீண்ட முதலாண்டில் அவர் கோயில் வாயில் வரை சென்று, உள்ளே புகாது திரும்புவாராம். ஒருநாள் ஊர்க்கு எழுந்தருளிய ஒரு தம்பிரான் சுவாமிகளிடம், “உயிரைக் கொன்ற கை சுவாமிக்குப் பூப் பறிக்கலாமா?” என்று வினவினார். சுவாமிகள், “அந்தக் கையை வேறு எங்கே கொண்டுபோய்க் கழுவப் போகிறீர்? திருமஞ்சனக் குடத்தை எடும்” என்றருளினார். அன்று எடுத்த குடத்தை அவர் பின் வைத்திலர்.

யாம் சிறுவராய் இருந்தபோது, “தாத்தா, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?” என்று கேட்டோம். “அந்தக் கணக்கைக் கேளாதே ஐயா” என்று கூறி எழுந்து சென்றார். பல்லாண்டு கழிந்தபின் ஒரு மழையிரவில் தாமே ஒன்று கூறினார். ஐராவதிக் கரையில் ஓரிரவு கைகலந்த சண்டை நிகழ்ந்தது. அவர் சுட்ட குண்டுபட்டு ஒருவன் வீழ்ந்தான். தம் குண்டே என்பதில் அவருக்கு ஐயமில்லை. விடிந்தபின் அவ்வுடலைப் புதைக்கும் பணியும் அவர்க்கே வந்தது. வீழ்ந்தவன் அரையிற் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் செந்நூல் முடிச்சுக்கள் வரிசை வரிசையாக இருந்தன. ஏதோ காப்புப் போலும் என்றெண்ணி, அதனை அவன் உடலிலேயே விட்டு மண்ணைத் தள்ளினாராம்.

பின்னர் யாம் ஒரு நூலில் அத்துணியின் வரலாறு கண்டோம. ‘செந்நின்பரி’ என்பது அதன் பெயர். போருக்குச் செல்லும் மகனுக்காகத் தாயோ, கணவனுக்காக மனைவியோ தெருவில் நின்று, வருவார் போவாராகிய பெண்டிர் ஆயிரவரை ஒவ்வொரு முடிச்சு இட வேண்டிப் பெற்று, அவனைக் காக்கும் என்ற நம்பிக்கையோடு அளிப்பது. இதனைப் பாட்டனாரிடம் கூறினோம். அவர் நெடுநேரம் வாய் திறந்திலர். கூறியது தவறோ என்று யாம் நடுங்கினோம். பின்னர், “இத்தனை காலமும் பெயர் தெரியாதவனுக்காக வேண்டிக்கொண்டேன் ஐயா. இனி அவன் தாயை நினைத்து வேண்டிக்கொள்வேன்” என்றார். நாள்தோறும் சந்நிதியில் அவர் தம் செலவில் ஏற்றிவந்த தனி அகல் ஒன்று யாருக்காக என்பதை அன்றே அறிந்தோம். மறுநாள் முதல் அகல் இரண்டாயிற்று.

இனி இதனைச் சித்தாந்த நெறிநின்று ஆராய்வோம். வேந்தன் ஆணையாற் செய்தது ஏவினானையே சாரும். செய்தானுக்குப் பற்றில்லை என்பார் உளர். எல்லாம் அவன் செயல், ஆதலின் வருந்துதல் அறியாமை என்பாரும் உளர். பாட்டனாரிடம் இவ்விரண்டும் சொல்லப்பட்டன. அவர் இரண்டினையும் ஏற்றிலர். ஏற்காமை நெறியேயாம் என்பது எம் துணிபு. சிவஞானபோதத்தின் 10-ஆம் சூத்திரம் இறைபணி நிற்றலை மலம் மாயை வினைகளின் நீக்கத்துக்கு வாயிலாகக் கூறும். அங்ஙனம் நின்றார்க்கு ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்பு அறும். அதனால் அவர் செயல் இறைவன் செயலாம். முனைப்பு அறாதவன் தன் குற்றத்தை மட்டும் இறைவன்மேல் ஏற்றிப் புகழைத் தனக்கு வைத்துக்கொள்வானாயின், அஃது இறைபணி அன்று. ஆணவம் திருநீறு பூசிக்கொண்டு வருதலேயாம்.

இருவினையொப்பு என்பதும் நன்றும் தீதும் ஒன்றே எனக் கூசாது செய்தலன்று. அவற்றின் பயன்களில் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்றலாம். எங்களூர்க் குடமுழுக்கு நாளில், போர்வீரர் என்று கூறிப் பாட்டனாருக்குப் பொன்னாடை போர்த்த ஊரார் முயன்றனர். “குடம் ஈரம் உலரவில்லை, வழி விடுங்கள்” என்று அகன்றார். அவர் பெற்ற பதக்கத்தை அணிந்ததுமில்லை, எறிந்ததுமில்லை. பத்திரங்களோடு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். புகழ்ச்சியும் பழியும் அவரிடத்தில் ஒரே பெட்டியிற் கிடந்தன. அவர் ஞானியர் என்று யாம் கூறவில்லை. அந்நிலைக்கு ஏறும் படியில் ஒரு சரியையாளரின் அடி உறுதியாக ஊன்றியிருந்தது என்றே கூறுகின்றோம்.

ஏனாதிநாதர் வாட்பயிற்சி ஆசிரியர். அவரைப் போரில் வெல்லமாட்டாத அதிசூரன், படையின்றித் தனித்துப் பொர அழைத்து, நெற்றியில் நீறு பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்து வந்தான். அணுகியபின் மறைப்பை நீக்கினான். நீற்றைக் கண்ட நாயனார் அவன் கருத்துக்கு இசைந்து நின்றார். வாளையும் கேடகத்தையும் விட எண்ணியவர், படைக்கலம் இல்லாதவரைக் கொன்ற பழி அவனைச் சேர்தல் கூடாது எனக் கருதி, அவற்றை ஏந்தியவாறே எதிர்ப்பார்போல் நின்றார். தம்மைக் கொல்ல வந்தவனுக்கு வரும் பழியையும் தாம் எண்ணிய அவ்வுள்ளமே சேக்கிழார் பெருமான் நமக்குக் காட்டும் திருத்தொண்டு.

நாயனார் கண்டது சிவ சின்னம். எம் பாட்டனார் கண்டது ஒரு தாயின் கந்தைத் துணி. இரண்டும் ஒன்றல்ல. நாயனார் வாள் வீசுமுன் கண்டார். இவரோ காலங்கடந்து கண்டார். எனினும், பகைவன் உடலில் ஒன்றைக் கண்டு ‘இவனும் உடையவன் ஒருவனுக்கு உரியவன்’ என்று உணர்தல் இருவர்க்கும் பொது. பசுக்கள் அனைத்தும் அப்பதிக்கே உரியன என்று நாம் நூலிற் படிக்கின்றோம். அவர் அதனை மண்வெட்டியும் கையுமாய் நின்று படித்தார்.

அன்பர்களே, வாளேந்தாத நாம் கொலைப்பழி அற்றோம் என்று மகிழ்கின்றோம். வாதப்போரில் எதிரியின் நெற்றிநீற்றை நாம் எத்தனைமுறை கண்டோம்? நாவினால் வீழ்த்தியவர்க்காக ஒரு நாளேனும் அகல் ஏற்றினோமா? இவ்வினாவே பாட்டனார் எமக்கு விட்டுச்சென்ற சொத்து. அவ்விரண்டு அகல்களையும் இன்று யாம் ஏற்றிவருகின்றோம். மூன்றாவது ஒன்றும் ஏற்றுகின்றோம், அஃது அவர்க்கு.

திருச்சிற்றம்பலம்