பெண் வாக்கில் தொடங்கிய நம்பிக்கை

இயேசு என்றும் மாறாதவர் என்று எபிரெயர் நிருபம் சொல்வதைத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் அடிக்கடி பார்க்கலாம். பழகிப்போன வசனம் என்பதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. எதில் மாறாதவர்? ரோமப் பேரரசின் ஓரத்தில், கலிலேயாவில் வாழ்ந்த யூதர் ஒருவரிடம் இன்றைய பெண்ணுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பெண்கள் கூட்டங்களில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஆறுதல்தான்: அவர் கண்ணீரைத் துடைப்பார், பாரத்தைச் சுமப்பார். அதில் பொய் இல்லை. ஆனால் ஆறுதலை எந்த மதமும் தரும். நல்ல அண்டை வீட்டாரும் தருவார்கள். சுவிசேஷங்களைப் பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து வாசித்தால் இன்னும் குறிப்பான ஒன்று தென்படுகிறது. ஊர் காது கொடுக்காத பெண்ணின் வாக்கை இயேசு நம்பினார். மற்றவர்களும் அதைக் கேட்டாக வேண்டிய நிலையை உண்டாக்கினார். பெண்களுக்கு அவரிடம் இருக்கும் நம்பிக்கையின் அடித்தளம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு முதல் ஆதாரம் உயிர்த்தெழுதல் பற்றிய பகுதிகளே. நான்கு சுவிசேஷங்களும் பல விவரங்களில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கல்லறைக்கு எத்தனை பெண்கள் போனார்கள், அங்கே யாரைக் கண்டார்கள், பிறகு என்ன செய்தார்கள் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் நால்வரும் ஒரே குரல்: வாரத்தின் முதல் நாள் விடியலில் அங்கே போனவர்கள் பெண்கள், அவர்களில் மகதலேனா மரியாள் இருந்தாள். லூக்கா ஒரு படி மேலே போகிறார். பெண்கள் திரும்பி வந்து சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சாக எண்ணி நம்பவில்லை என்று எழுதி வைக்கிறார். திருச்சபையின் தூண்கள் என்று பின்னாளில் போற்றப்பட்டவர்களின் முதல் ஈஸ்டர் எதிர்வினை அவநம்பிக்கை. அதை மறைக்காமல் பதிவு செய்தது திருச்சபையே என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்கள் அன்று காலை திடீரென்று முளைத்தவர்களும் அல்லர். மகதலேனா மரியாளும், ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாளும், சூசன்னாளும், வேறு பலரும் கலிலேயாவிலிருந்தே இயேசுவோடு பயணம் செய்து, தங்கள் சொந்தப் பொருளால் அந்தக் குழுவைத் தாங்கினார்கள் என்கிறார் லூக்கா.

பெண் சாட்சி மதிக்கப்படாத காலத்தில் கதை கட்டுபவன் பெண்களைச் சாட்சிகளாக வைப்பானா, ஆகவே இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று பிரசங்கிகள் வாதிடுவது உண்டு. அந்த வாதம் அவர்கள் நினைக்கும் அளவுக்கு வலுவானதல்ல. இறந்தவரின் உடலுக்குச் சுகந்தவர்க்கம் பூசுவது அக்காலத்தில் பெரும்பாலும் பெண்களின் வேலை. கற்பனையில் எழுதினாலும் அவர்களைத்தான் கல்லறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். யூதச் சட்ட மரபும் எல்லாவற்றிலும் பெண்ணின் வாக்கைத் தள்ளிவிடவில்லை. கணவனின் மரணம் போன்ற சிலவற்றில் ஏற்றுக்கொண்டது. எனினும் பொதுவான போக்கு எது என்பதில் ஐயமில்லை. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்பதை மோசேயின் சட்டமாகவே எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கிய கிரேக்க அறிஞர் செல்சஸ், உயிர்த்தெழுந்தவரைக் கண்டதாகச் சொன்னது புத்தி பேதலித்த ஒரு பெண் அல்லவா என்று ஏளனம் செய்தார். அவருக்கு மறுப்பு எழுதிய ஓரிஜனின் நூல் வழியாகத்தான் அந்த ஏளனம் நமக்குக் கிடைத்திருக்கிறது. உயிர்த்தெழுதல் நடந்ததா என்பதை இவற்றால் நிரூபிக்க முடியாது. ஆனால் கேலிக்கு இடம் கொடுக்கும் என்று தெரிந்தும், திருச்சபை தன் ஆகப் பெரிய செய்தியின் தொடக்கத்தில் பெண்களின் வாக்கை அப்படியே விட்டுவைத்தது என்பது நிச்சயம்.

அதற்கான காரணத்தை இயேசுவின் வாழ்நாளிலேயே பார்க்கலாம். 12 ஆண்டுகள் பெரும்பாட்டால், அதாவது தீராத உதிரப்போக்கால், அவதிப்பட்ட பெண்ணின் கதையை மாற்கு சொல்கிறார். கையிலிருந்த பணத்தையெல்லாம் வைத்தியர்களிடம் கொடுத்தும் நோய் முற்றியதுதான் மிச்சம். கூட்டத்தில் பின்னாலிருந்து வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள், குணமாகிறாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அவள் விரும்பியதும் அதுதான். இயேசு நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். இது கொடுமையாகத் தோன்றலாம்: ஒளிந்து வந்தவளை ஏன் ஊர் முன்னால் நிறுத்த வேண்டும்? ஆனால் அவர் வழி கொடுப்பது அவளுடைய பேச்சுக்கு. அவள் நடந்த முழு உண்மையையும் சொல்கிறாள். அவசரமாக அழைத்துப் போக வந்திருந்த ஜெபஆலயத் தலைவன் யவீரு, மகள் சாகக் கிடக்கும்போது, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டியிருக்கிறது. பிறகு இயேசு அவளை மகளே என்று அழைக்கிறார். 18 ஆண்டுகள் நிமிர முடியாமல் கிடந்த கூனியை ஆபிரகாமின் மகள் என்று அவர் குறிப்பிடுவதும் ஜெபஆலயத்தில், கோபம் கொண்ட தலைவனின் முகத்துக்கு எதிரேதான். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. யூத சமயம் பெண்களை ஒடுக்கியது, இயேசு அதிலிருந்து விடுவித்தார் என்று பேசுவது மேடைக்குச் சுலபம், உண்மைக்குத் தூரம். அவரும் யூதர், அந்தப் பெண்களும் யூதர். தெபோராளையும் உல்தாளையும் தீர்க்கதரிசினிகளாக மதித்த மரபு அது. அவர் அந்த மரபைக் கொண்டே அந்தத் தலைவனுக்குப் பதில் சொன்னார்.

சமாரியப் பெண்ணின் கதை இன்னும் நேரடியானது. ஐந்து புருஷர்களைக் கண்டவள், இப்போது இருப்பவன் புருஷனும் அல்ல என்ற ஒரு வரியை வைத்து அவளைப் பாவியாக்கிப் பிரசங்கித்தவர்கள் ஏராளம். விதவையானாளா, தள்ளிவைக்கப்பட்டாளா என்று யோவான் சொல்லவில்லை. இயேசு அவளை மனந்திரும்பச் சொல்லவும் இல்லை. தொழுகை எங்கே, எப்படி என்ற இறையியல் கேள்வியை அவள் கேட்க, அவர் பதில் சொல்கிறார். அவர் ஒரு பெண்ணோடு பேசுவதைக் கண்டு சீஷர்கள் வியக்கிறார்கள். அவள் ஊருக்குள் போய்ச் சொன்னதைக் கேட்டுப் பலர் நம்புகிறார்கள். பிறகு அதே ஊரார், இனி உன் சொல்லால் அல்ல, நாங்களே கேட்டு அறிந்தோம் என்று அவளிடம் சொல்வது அவளைக் கழற்றிவிடுவது போல இருக்கிறது என்பார்கள் சிலர். எந்த நல்ல சாட்சிக்கும் நேர வேண்டியது அதுதானே? மேலும், அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவள் அவள் என்பதை அதே அதிகாரம் மறக்கவில்லை.

இவ்வளவுக்கும் எதிரான பெரிய ஆட்சேபணை திருச்சபையின் வரலாறு. இயேசு கேட்டார், சரி. அவர் பெயரால் எழுந்த நிறுவனம் கேட்டதா? பன்னிருவரும் ஆண்கள். ஏறக்குறைய 55ஆம் ஆண்டில் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், உயிர்த்தெழுந்தவரைக் கண்டோர் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரையும் சொல்லவில்லை. சபையில் பெண்கள் பேசக் கூடாது என்ற வரிகள் அதே நிருபத்தில் உள்ளன. அதே நிருபத்தில் பெண்கள் ஜெபம்பண்ணுவதும் தீர்க்கதரிசனம் சொல்வதும் இயல்பாகக் குறிப்பிடப்படுகின்றன என்பதைப் பலர் சேர்த்து வாசிப்பதில்லை. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரம் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைப் பரிந்துரைக்கிறது, அப்போஸ்தலர்களுக்குள் பேர்பெற்ற யூனியாவை வாழ்த்துகிறது. ஏறக்குறைய 112இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள் என்று அறிய, சபையில் பணிப்பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசர் திராஜானுக்கு எழுதினார். வதைத்தால்தான் அடிமை உண்மை சொல்வாள் என்பது ரோமின் நம்பிக்கை. அப்படிப்பட்டவர்களைப் பொறுப்பில் வைத்திருந்தது சபை. இதற்கு நேர்மாறாக, 591இல் போப் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் மகதலேனா மரியாளையும், லூக்கா சொல்லும் பெயரற்ற பாவியான பெண்ணையும் ஒருத்தியாக்கினார். சுவிசேஷங்களில் அதற்கு ஆதாரமில்லை. உயிர்த்தெழுதலின் முதல் சாட்சி, மேற்கத்திய ஓவியங்களில் பல நூற்றாண்டுகளாகக் கூந்தல் அவிழ்ந்து அழும் பரத்தையாக நின்றாள். 1969இல்தான் கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாட்காட்டி அந்தக் குழப்பத்தை விலக்கியது. 2016இல் அவள் நினைவுநாள் அப்போஸ்தலர்களின் நாள்களுக்கு இணையாக விழா நிலைக்கு உயர்த்தப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதன் முதல் பெண் பேராயர் நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல். இந்தக் குற்றச்சாட்டை மறுக்க நான் முயலவில்லை. ஆனால் நிறுவனத்தைக் குற்றம் சாட்ட நமக்குக் கிடைக்கும் அளவுகோலும் அந்தச் சுவிசேஷங்களிலேயே இருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்று திருச்சபையைக் கேட்க ஒரு பெண்ணுக்கு இயேசுவே முன்னுதாரணம்.

அப்படிக் கேட்டவர் ஒருவர் பண்டித ரமாபாய். 1858இல் பிறந்தவர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாமா என்ற எதிர்ப்பை மீறித் தந்தை குடும்பத்தில் கற்பித்தார். 1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைத் தந்தார்கள். 1882இல் கணவரை இழந்த அதே ஆண்டில் ஹண்டர் கல்விக் குழுவின் முன் நின்று, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று சாட்சியம் அளித்தார். இங்கிலாந்து போனபோது, சமூகம் ஒதுக்கிய பெண்களுக்காக ஆங்கிலிக்கன் கன்னியர்கள் லண்டனில் நடத்திய இல்லத்தைப் பார்த்து, இதை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் வாசித்துக் காட்டியது சமாரியப் பெண்ணின் கதை. அது தன்னை எப்படித் திருப்பியது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1883இல் வாண்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார். கதை அங்கே முடிந்திருந்தால் வெறும் மதமாற்றக் கதை. ஞானஸ்நானம் பெற்ற கையோடு தன் ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினிடம் திரித்துவக் கோட்பாட்டைப் பற்றியும் திருச்சபையின் அதிகாரத்தைப் பற்றியும் கடிதம் கடிதமாக வாதாடினார். புரோகிதர்களின் நுகத்தை மிகுந்த பாடுபட்டுக் கழற்றிய பின் அதே போன்ற இன்னொன்றை ஏற்கத் தயாரில்லை என்பது அவர் நிலை. அவர் ஆண்களுக்குப் பாடம் நடத்துவதை ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஆட்சேபித்தபோது அவர் தலையாட்டிவிடவில்லை. பேராயர் எதிர்ப்பு ஒருபுறம், மதம் மாறிய பிராமண விதவை என்ற ஊர்ப் பழி மறுபுறம். நடுவில் 1889இல் பம்பாயில் விதவைகளுக்கான சாரதா சதனைத் திறந்தார். பஞ்ச காலத்தில் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் கேட்காவில் இருந்த தன் முக்தி இல்லத்துக்கு அழைத்துவந்தார். கிரேக்கமும் எபிரெயமும் கற்று வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்க்க இறங்கினார். சுவிசேஷத்தை அதன் காவலர்களுக்கு எதிராகவே சாட்சிக்கு அழைக்க முடியும் என்பதற்கு இவரைவிடத் தெளிவான இந்திய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஆட்சேபணை நம் வீடுகளுக்கு மிக அருகில் இருப்பது. பொறுத்துப் போ, இயேசுவும் சிலுவை சுமந்தாரே என்று சொல்லி, அடிக்கிற கணவனிடம் பெண்ணைத் திருப்பி அனுப்பப் பயன்படும் மதம் எப்படி நம்பிக்கை தரும்? அந்த அறிவுரை பல இடங்களில் கொடுக்கப்படுகிறது என்பது உண்மை. அதைக் கொடுப்பவர்கள் நல்ல நோக்கத்தோடும் கொடுக்கிறார்கள். ஆனால் தன்னிடம் வந்த எந்தப் பெண்ணையாவது இயேசு அப்படித் திருப்பி அனுப்பினாரா என்று சுவிசேஷங்களில் தேடிப் பார்க்கலாம். கிடைக்காது. அவர் சிலுவையைத் தானே தேர்ந்து ஏற்றார். ஒருவர் தேர்ந்து ஏற்றதைக் காட்டி, இன்னொருவர் மீது திணிக்கப்பட்ட அடியை நியாயப்படுத்த முடியாது. சோராமல் ஜெபிப்பதற்கு லூக்காவில் அவர் காட்டும் மாதிரியே, நீதியற்ற நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டி வழக்குத் தீரும்வரை ஓயாத விதவை. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையையும் இங்கே நினைக்கலாம். காணிக்கை எடுக்கும் நேரத்துப் பிரசங்கத்தில் தவறாமல் ஆஜராகும் பெண்மணி அவள். அவள் வருவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார் என்பது அந்த நேரத்தில் ஏனோ யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கேட்கப்பட்டால் மட்டும் போதுமா என்பது நியாயமான கேள்வி. கணவரை இழந்தவளின் வாடகையைக் கட்ட அது உதவாது. புற்றுநோய்ப் பிரிவில் படுத்திருப்பவளுக்கு உடனே எதையும் மாற்றாது. கிறிஸ்தவ நம்பிக்கை அத்தோடு நிற்பதும் இல்லை: சாவுக்கும் அநியாயத்துக்கும் கடைசி வார்த்தை இல்லை என்பது அதன் உரிமைகோரல். ஆனால் அந்த உரிமைகோரல் உலகத்துக்கு வந்து சேர்ந்த வழியையும் அதிலிருந்து பிரிக்க முடியாது. யாரும் நம்பாத வாய்களில் அது ஒப்படைக்கப்பட்டது. ஆகவே இயேசு மாறாதவர் என்று ஒரு பெண் விசுவாசித்தால், ஜெபத்தில் அவள் சொல்வதை அவர் அலட்டல் என்று தள்ளமாட்டார் என்றும் விசுவாசிக்க அவளுக்கு ஆதாரம் உண்டு. அதன் மறுபக்கம் சபைக்கானது: பாலியல் தொந்தரவைப் பற்றியோ, வீட்டில் நடக்கும் வன்முறையைப் பற்றியோ ஒரு பெண் வாய் திறக்கும்போது, சபையின் பெயர் கெடும் என்று அவளை அடக்குகிறவர்கள் முதல் ஈஸ்டரில் வீண்பேச்சு என்று சொன்னவர்களின் இடத்தில் நிற்கிறார்கள்.

பேசவே முடியாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், மாற்கு சுவிசேஷத்தைக் காட்டலாம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அது 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது: பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முடிவு பிற்காலத்தாருக்குப் பொறுக்காமல்தான் வேறு முடிவுகள் சேர்க்கப்பட்டன என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மாற்கு அந்தப் பெண்களைக் கண்டிக்கவில்லை. இயேசு கலிலேயாவுக்கு முன்னே போகிறார் என்ற செய்தியை அவர்களுடைய துணிச்சலைப் பார்த்துக் கொடுத்ததாகவும் அவர் எழுதவில்லை. வாய் திறக்க அவர்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தாலும் அவர் போகிற இடம் கலிலேயாதான். பிறகு எப்போதோ அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் மாற்குவுக்கு எழுத எதுவும் கிடைத்திருக்காது.