எண்ணியது யார்?

ஆசிரியர் மாணவனுக்கு எதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்? முடிவையா, முடிவுக்கு வரும் வழியையா? மாணவனாக இருந்த காலத்தில் நான் இதற்கு ஒரு விடை சொன்னேன்; அதன் கீழே கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது.

நான் பி.ஏ. படித்த கல்லூரியில் சரித்திரத்துக்கு இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, மணி அடிக்கும்வரை நாங்கள் எழுதுவோம். அதைப் பரீட்சையில் ஒப்பித்தால் மார்க்கு நிச்சயம். மற்றவர் சாக்குக்கட்டியைத் தவிர வேறொன்றும் கொண்டு வரமாட்டார். வந்ததும் கேள்வி கேட்பார்.

ஒரு நாள் கல்கத்தா இருட்டறைச் சம்பவம் பாடம். 1756 ஜூன் 20-ஆம் தேதி, சிராஜ் உத்தௌலாவின் படை வில்லியம் கோட்டையைப் பிடித்த இரவு, 146 பேரை ஒரு சிறு அறையில் அடைத்தார்கள். காலையில் 23 பேரே உயிரோடு வெளியே வந்தார்கள் என்று படித்திருந்தோம். அவர் கரும்பலகையில் 18, 15 என்று எழுதினார்.

"அறையின் நீளமும் அகலமும், ஏறக்குறைய. ஆளுக்கு எவ்வளவு இடம்?"

கணக்குப் போட்டோம். இரண்டு சதுர அடிகூட வரவில்லை.

"சரி, அந்த இருட்டில் எண்ணியது யார்?"

யாரும் பேசவில்லை. "உள்ளே கிடந்து பிழைத்த ஹால்வெல் என்ற கம்பெனி அதிகாரி. 1758-இல் அவர் அச்சிட்ட வரலாற்றைத்தான் பின்னால் வந்தவர்கள் நம்பினார்கள்."

வகுப்பே குதூகலித்தது. "அதனால்தானே சார், சுபாஷ் போஸ் கிளர்ச்சி செய்து 1940-இல் அந்த நினைவுத் தூணையே சாலையிலிருந்து அகற்ற வைத்தார்!" என்றான் ஒருவன்.

அவர் சிரிக்கவில்லை. "தூணை அகற்றியது நியாயமாகவே இருக்கட்டும். செத்தவர்களையும் சேர்த்து அகற்றிவிடலாமா? பிரிஜன் குப்தா என்பவர் 1959-இல் ஆராய்ந்து, 64 பேர் அடைபட்டு 21 பேர் பிழைத்திருக்கலாம் என்கிறார். அவர் கணக்குப்படியும் 43 பேர் மூச்சு முட்டிச் செத்திருக்கிறார்கள். எண் குறைந்ததும் உங்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்."

எங்களுக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரனைச் சந்தேகிக்கச் சொன்னபோது இனித்த மனிதர், எங்களையே சந்தேகிக்கச் சொன்னபோது கசந்துவிட்டார்.

பரீட்சை நெருங்கியது. அவர் நோட்ஸ் கொடுப்பதில்லை, பாடம் முடிவதில்லை என்று பிரின்ஸிபாலுக்கு ஒரு விண்ணப்பம் தயாராயிற்று. நானும் கையெழுத்திட்டேன். எங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வகுப்பில் பலர் நிலத்தை அடகு வைத்துப் படிக்க வந்தவர்கள். மார்க்கு குறைந்தால் நிலம் மீளாது. சந்தேகம் சோறு போடுமா?

மறுநாள் விண்ணப்பத்தோடு வகுப்புக்கு வந்தார். குரலில் கோபமே இல்லை.

"'வகுப்பு மாணவர் அனைவரும்' என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் நீங்கள் 42 பேர். கையெழுத்துக்களை எண்ணினேன், 31 இருக்கின்றன."

அவ்வளவுதான் சொன்னார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அன்று முதல் வருஷக் கடைசிவரை நோட்ஸ் சொன்னார். கேள்வியே கேட்கவில்லை.

நல்ல மார்க்குகள் வாங்கினோம். அந்த நோட்ஸில் ஒரு வரிகூட இன்று எனக்கு நினைவில்லை. ஆனால் என் கட்சிக்குச் சாதகமான ஒரு செய்தி, ஒரு பெரிய எண்ணோடு கைக்கு வரும்போதெல்லாம், செய்தியைவிட என் சந்தோஷத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.

பசித்தவனுக்கு அரிசி வேண்டும். அதை மறுக்கும் கல்வி கல்வியல்ல. ஆனால் அளக்கும் படியையும் அவன் கையில் கொடுத்தால்தான், நாளை அவனை யாரும் ஏமாற்ற முடியாது. அவர் படியைக் கொடுக்க வந்தார். அரிசி போதும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம், முப்பத்தொரு பேர்.