வாயில்லா உயிரிடம் வாய்மை

இல்லத்தில் நாய்க்குட்டி வளர்ப்போர் அதற்குப் பொறுமையைக் கற்பிக்க முற்படுகின்றனர். உண்மையில் பொறுமையைக் கற்க வேண்டியவர் யார் என்பதை நாம் சிந்தித்தல் நலம்.

ரிட்ரீவர் இனத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தில், பின்னாளில் டுவீட்மவுத் பிரபு எனப் பெயர் பெற்றவரின் பண்ணையில் 1868ஆம் ஆண்டு பிறந்த குட்டிகளின் வழிவந்ததே கோல்டன் ரிட்ரீவர். வேட்டையில் வீழ்ந்த பறவையைச் சிதைக்காமல் கவ்விக் கொணர்வதற்கென்றே மனிதன் இவ்வினத்தை உருவாக்கினான். அக்குட்டி நம் செருப்பைக் கவ்வி ஓடினால் அது எவருடைய குற்றம்? மேலும், ஏறத்தாழ நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை அதன் 28 பாற்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஈறு தினவெடுக்கும் அக்காலத்தில் கடிப்பது இயற்கை. கடிக்கத்தக்க பொருளொன்றைக் கொடுத்து, செருப்பை எட்டாத இடத்தில் வைப்பதே அறிவுடைமை.

பொறுமை மட்டும் போதுமா? போதாது, நிலைமாறாமையும் வேண்டும். நேற்று அது மேலே தாவியபோது கொஞ்சி மகிழ்ந்தோம். இன்று வெள்ளாடை அழுக்கானதும் அதட்டுகிறோம். தந்தை தடுப்பதைப் பிள்ளைகள் அனுமதிக்கின்றனர். உண்ணும் வேளையில் பாட்டியார் ஒரு கவளம் இடுகின்றார். எப்போதும் பலன் தந்த பழக்கத்தைவிட, சில வேளை மட்டும் பலன் தந்த பழக்கமே எளிதில் மறையாது என்பதை அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. ஆகவே, குட்டியின் பிடிவாதம் என நாம் கூறுவது பெரும்பாலும் நம் மனமாற்றங்களின் விளைவே.

விதி யாதென்று கேட்க அதற்கு வாயில்லை. நம் குரலையும் செயலையும் கொண்டே அது அறிகிறது. ஆதலின், ஒரு செயலுக்கு ஒரே சொல், சரியாகச் செய்த அக்கணமே பாராட்டு என இல்லத்தார் அனைவரும் ஒத்து நடத்தல் வேண்டும். அதுவே அவ்வுயிரிடம் நாம் காக்கும் வாய்மை. காலந்தாழ்த்தித் தண்டித்தால், எதற்கென்று அறியாமல் அது அச்சத்தை மட்டுமே கற்கும்.

அகிம்சா அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கட்டிவைத்தல், அடித்தல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியன அடங்கும் என்பதை நாம் அறிவோம். பயிற்சி என்னும் பெயரால் செய்யினும் அவை குற்றமே. சாலையில் அதன் காப்புக்காகப் பிடிக்கும் கயிறு வேறு. சினத்தால் நாள் முழுதும் பிணித்து வைத்தல் வேறு. இவ்வேறுபாடு கயிற்றில் இல்லை. நம் உள்ளத்தில் உள்ளது.

நாள்தோறும் சில மணித்துளிப் பயிற்சியே இளங்குட்டிக்குப் போதும். இடையே நமக்குச் சினம் எழுமாயின் அத்துடன் நிறுத்தி, மறுநாள் அதே சொல்லுடன், அதே கனிவுடன் தொடங்குவோமாக.