வெளிவேஷமும் உள்ளொழுக்கமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உலகில் புகழ் பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு உருவங்கள் உண்டு. ஊரார் காண மேடைமேல் நிற்பது ஒன்று. கதவைச் சாத்திய பின் உள்ளே உலாவுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றேயாக இருப்பவரைக் காண்பது அரிது. அவ்விதம் இருப்பவரையே மகாத்மா என்று பெரியோர் போற்றினர்.

புகழாளரின் அந்தரங்கம் அவரோடு முடிந்துபோவதன்று. பெரியவன் எந்த வழியில் நடக்கிறானோ அந்த வழியிலேயே உலகமும் நடக்கும் என்று கீதையின் மூன்றாவது அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்கு உபதேசித்தான். கை கால்களை அடக்கிவிட்டு உள்ளத்தால் விஷயங்களையே சிந்தித்திருப்பவனை 'மித்யாசாரன்', அதாவது பொய்யொழுக்கமுடையவன் என்று அதே அத்தியாயம் கூறுகிறது. பதினாறாவது அத்தியாயத்தில் அஸுர ஸ்வபாவங்களை எண்ணிக் காட்டும்போது முதலில் நிற்பது 'தம்பம்'. தார்மிகன் என்று பிறர் புகழவேண்டும் என்பதற்காகவே தர்மத்தைச் செய்வதுதான் தம்பம் என்று எம்பெருமானார் தம் கீதா பாஷ்யத்தில் பொருள் அருளிச்செய்தார். அதர்மம் செய்தால் மட்டுமே குற்றம் என்றில்லை. புகழுக்காகச் செய்யும் தர்மமும் ஆத்மாவைக் கெடுக்கும் என்பது அதன் ஆழ்ந்த கருத்து.

அண்மைக் காலத்தில் உலகம் கண்ட ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க நாட்டில் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் சைக்கிள் வீரர், 1996-ஆம் ஆண்டில் புற்றுநோய்க்கு ஆளாகிப் பிழைத்தெழுந்தார். 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை பிரான்ஸ் நாட்டின் பெரும் பந்தயத்தில் முதல்வராக வந்தார். புற்றுநோயாளிகளுக்கென அறநிலையம் ஒன்றையும் நிறுவினார். நோயுற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லித் தேறுதல் அடைந்தனர். ஆயினும் அவர் திரைமறைவில் தடைசெய்யப்பட்ட மருந்துகளை உட்கொண்டே ஓட்டியிருந்தார். கேட்டவரிடமெல்லாம் இல்லையென்றே சாதித்தார். உண்மை கூறியவர்களைப் பொய்யர் என்று தூற்றினார். 2012-ஆம் ஆண்டில் அந்த ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் உண்மையை ஒப்புக்கொண்டார். அவர் செய்த அறத்தால் பலர் பயனடைந்தது மெய். ஆனால் அந்த அறமே அவருடைய பொய்க்கு நெடுங்காலம் திரையாகவும் நின்றது.

இவ்வாறு ஒருவர் வெளிப்படும்போது உலகம் கைகொட்டிச் சிரிக்கிறது. பிறர் குற்றத்தைப் பேசித் திரியாமை தெய்வ ஸம்பத்துக்களுள் ஒன்று என்று அந்தப் பதினாறாவது அத்தியாயமே கூறுவதை அப்போது மறந்துவிடுகிறது. பிறர் வேஷம் கலைவதைக் கண்டவுடன் தன் வேஷத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதே விவேகிக்கு அழகு. இதை எம்பெருமானார் தம் சிஷ்யர்களுக்கே உணர்த்திய வரலாறு குருபரம்பரையில் பிரஸித்தம்.

உறையூரில் சோழ மன்னனிடம் மல்லராக இருந்தவர் பிள்ளை உறங்காவில்லிதாஸர். தம் மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகில் ஈடுபட்டு, திருவரங்கத்து உற்ஸவத்தில் கூட்டத்தின் நடுவே அவளுக்குக் குடைபிடித்து நடந்தவர். அதனினும் அழகிய கண்களைக் காட்டுவதாக எம்பெருமானார் அழைத்துச் சென்று அரங்கன் திருக்கண்களை ஸேவிக்கச் செய்தார். அன்றே தம்பதிகள் இருவரும் ஆட்பட்டனர். பின்னாளில் காவேரியில் தீர்த்தமாடித் திரும்புகையில் எம்பெருமானார் தாஸரின் கையைப் பற்றியே எழுந்தருளுவார். பிறப்பாலும் கல்வியாலும் உயர்ந்த சிஷ்யர்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை.

ஓரிரவு, அந்தச் சிஷ்யர்கள் உலர்த்தியிருந்த வஸ்திரங்களில் சிறிது சிறிது கிழித்து வைக்கும்படி எம்பெருமானார் ஏற்பாடு செய்தார். பொழுது விடிந்தது. ஸகலமும் பகவானுடைமை என்று காலக்ஷேப கோஷ்டியில் பொருள் சொன்னவர்கள், ஒரு முழத் துணிக்காக ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசினர். அவர்களை ஸமாதானப்படுத்திய ஆசார்யர், மற்றோர் இரவில் தாஸரை மடத்தில் நிறுத்திக்கொண்டு, பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கவர்ந்துவர அவர்களையே அனுப்பினார்.

அவ்வம்மையார் உறங்குவதுபோலக் கிடந்தார். வந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள் என்றறிந்து, ஒருபக்கத்து நகைகளைக் கழற்றும் வரை அசையாதிருந்தார். மறுபக்கத்து நகைகளையும் கொள்ளட்டுமென்று மெல்லப் புரண்டார். விழித்துவிட்டாரென அஞ்சி அவர்கள் வெளியேறி மறைந்து நின்றனர். வீடு திரும்பிய தாஸர் நடந்ததைக் கேட்டு வருந்தினார். நகை போனதற்காக அன்று. தன்னது என்றும் தான் கொடுப்பதாகவும் எண்ணிப் புரண்டதால் அன்றோ பாகவதர்கள் அஞ்சி ஓடினர் என்பதே அவர் வருத்தம். மறைந்து நின்றவர்கள் இதைக் கேட்டுத் தலைகுனிந்தனர். கையைப் பற்றியதன் காரணம் அன்று விளங்கிற்று.

நடு இரவில், காண்பார் ஒருவருமில்லாத வீட்டில், கணவனும் மனைவியும் பேசிக்கொண்ட பேச்சு அது. எந்த மேடைக்காகவும் பேசப்பட்டதன்று. ஆகையால்தான் அது உரைகல்லாயிற்று. துணிக்காக ஏசியவர்களும் கோஷ்டியில் நல்லவர்களாகவே விளங்கினார்கள். இருவகையாரையும் பிரித்துக் காட்டியது, பிறர் காணாத நேரம் ஒன்றே.

பகவானுக்கு அந்தர்யாமி என்று திருநாமம். உலகத்தார் மேடையைக் காண்பர். அவனோ உள்ளேயிருந்து காண்கிறான். நெற்றியில் திருமண்காப்பும் கழுத்தில் துளஸி மணியும் தரித்து உற்ஸவத்துக்கு வந்திருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில், தத்தம் தெருவில் சிறிதளவேனும் புகழுடையவரே. கோவிலில் கைகூப்பியவர் வாசலில் ஏழையை விரட்டினால், பாசுரம் ஓதிய வாய் வீட்டில் மனைவியைச் சுடுசொல் சொன்னால், வேலைக்காரரின் கூலியைக் குறைத்த பொருள் உண்டியலில் விழுந்தால், பெரிய புகழாளரின் பெரிய வேஷத்துக்கும் இந்தச் சிறிய வேஷத்துக்கும் அளவில்தான் பேதம்.

உற்ஸவ மூர்த்தி வீதியில் எழுந்தருளுகிறார். ஆயிரம் கண்கள் ஸேவிக்கின்றன. பின்னர் திரையிட்ட கர்ப்பக்ருஹத்திலும் அவர் அதே பெருமான். வெளியே ஒருவராகவும் உள்ளே ஒருவராகவும் அவர் இருப்பதில்லை. அவரை ஸேவித்துத் திரும்பும் அடியார்கள், பலர் காண இங்குக் காட்டிய பணிவை ஒருவரும் காணாத தம் இல்லத்தில் ஒரு நாளேனும் காத்துப் பார்ப்பார்களாக. அதுவே இவ்வுற்ஸவத்தில் பெறும் உயர்ந்த பிரஸாதம்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.