யாழும் பாணரும்



வாவியில் மீன் பாடும் என்பதனால் நம் மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று போற்றுகின்றோம். இசையை இத்துணை விரும்பும் நாம், இசைப்போர்க்கு எவ்விடத்தில் இருக்கை அளிக்கின்றோம்? கோயிற் சடங்கிற் பறைமேளம் முழங்கக் கேட்டு மகிழ்கின்றோம். அதனை முழக்கியவர் பந்திக்கு வரின் இலையின் இடம் மாறுகின்றது. ஒலி உட்புகலாம், ஒலித்தவர் உட்புகலாகாது என்பது எந்நூல் விதித்த நெறி?

பெரியபுராணம் வேறு நெறி காட்டுகின்றது. சாத்தமங்கையிலே திருநீலநக்கர் மனைக்குத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தருளினார். உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவியாரும் தங்குதற்கு இடமளிக்குமாறு பிள்ளையார் பணித்தார். வேதியராகிய நீலநக்கர் மனையின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதியின் பக்கத்தே இடங்கொடுத்தார். தீ மாசுற்று அவிந்ததோ? வலஞ்சுழித்து மேலோங்கிற்று என்பார் சேக்கிழார்.

பாணர் குலம் ஏந்திய யாழை ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டில் யாழ் நூலை உலகிற்கு அளித்தவர் நம் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். அவர் யாழைப் போற்றியதனோடு அமைந்தாரல்லர். 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய நாளில், திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளைத் தேடிச் சென்று கற்பித்தார்.

சாதி காரணமாகக் கோயிலிலும் பள்ளியிலும் ஒருவரைத் தடுத்தலை இலங்கையின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. வாயில் திறந்தது. உள்ளே பெறும் மதிப்பினைச் சட்டம் காவாது. ஆசிரியர் கண்ணே காத்தல் வேண்டும். யான் பள்ளிகளில் நோக்கிவருவது ஈது: முற்றங் கூட்ட ஒரு பிள்ளையை விளிக்கும் வாய், தேவாரம் ஓத வேறொரு பிள்ளையை விளிக்கின்றது. ஒருவன் பிழைசெய்யிற் கவனக்குறைவு என்கின்றோம். மற்றொருவன் அப்பிழையையே செய்யிற் பிறவிக்குணம் என்கின்றோம். இதற்கு வெறுப்பு வேண்டுவதில்லை, வழக்கமே போதும். ஆதலினாலே நமக்கு இது புலப்படுதல் அரிது. பிள்ளையோ ஒரே நாளிற் கண்டுகொள்ளும். கண்டபின் பாடத்திற் கைதூக்காது அடங்கிவிடும்.

ஆதலின், அன்பர்களே, நாடோறும் வகுப்பினை ஒருமுறை நோக்குமின். துடைப்பம் யார் கையில்? பதிகம் யார் வாயில்? கடைசி வாங்கு யாருக்கு? விடை என்றும் ஒன்றேயாயின் முறையை மாற்றுமின். துடைப்பம் எல்லார் கையினும் சுழல்க. பதிகம் எல்லார் நாவினும் பயில்க. நடுவிடத்தை அஞ்சாது ஈமின், தீ அவியாது.

திருச்சிற்றம்பலம்.